குளிரில் வேப் பேட்டரி: மலையடிவாரக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் தாப்பாவில் கைத்தொலைபேசி பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். வேப் (மின்சிகரெட்) விற்பதில்லை. ஆனாலும் பேட்டரி வைத்த சாமான் எதுவாக இருந்தாலும் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேருகிறது. கேமரன் மலைக்கு ஏறும் பழைய பாதை எங்கள் ஊரிலிருந்துதான் புறப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போன தோட்டத்துத் தம்பிகள் திங்கட்கிழமை காலையில் ஆளுக்கொரு புகாரோடு வருவார்கள். வேலைக்கும் படிப்புக்கும் கொரியா, இங்கிலாந்து என்று போனவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். மின்சிகரெட் பிடிக்கச் சொல்லும் பக்கம் இல்லை இது. நான் சிகரெட்டை விட்டு வருடங்கள் ஆகின்றன, வேப்பைத் தொட்டதில்லை. பேட்டரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கேமரன் மலைக்குப் போனால் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறதே, குளிர்தானே காரணம்?

பெரும்பாலும் இல்லை. மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊரில் பகலில் 20 டிகிரிக்கு மேல் இருக்கும், இரவில் 15, 16 வரை இறங்கும். கீழே 32 டிகிரியில் வேர்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அது குளிர். லித்தியம் பேட்டரிக்கு அது சுகமான வெயில் காலம். இந்த நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1978 பிப்ரவரியில் கேமரன் மலையில் பதிவான 7.8 டிகிரிதான். அந்த இரவில்கூட நல்ல பேட்டரி ஒன்று கொஞ்சம் சோர்ந்திருக்குமே தவிர படுத்திருக்காது.

பிறகு ஏன் இறங்குகிறது? வருகிற தம்பிகளிடம் விசாரித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: காலையில் பாதி சார்ஜோடு கிளம்புகிறார்கள். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுப் பாதை, நடுவில் லாத்தா இஸ்கந்தர் அருவியில் ஒரு நிறுத்தம், பிறகு தேயிலைத் தோட்டம், ஸ்ட்ராபெரி, இரவுச் சந்தை. நண்பர்கள் கூட இருந்தால் கை சும்மா இருக்காது. வீட்டில் ஒரு நாளைக்கு இழுப்பதை அங்கே மூன்று மணி நேரத்தில் இழுத்து முடிக்கிறார்கள். அதே நாளில் கைத்தொலைபேசியும் செத்துவிடும், ஆனால் அதற்கும் குளிர் காரணமில்லை. மலைப்பாதையில் சிக்னல் தேடித் தேடியே அது களைத்துப் போகிறது.

15 டிகிரியிலேயே ஒரு பேட்டரி உண்மையாகவே திணறினால் அது ஏற்கெனவே கிழடு தட்டிய பேட்டரி. மலை அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் எந்தக் குளிரில்தான் பாதிக்கும்?

பத்து டிகிரிக்குக் கீழே போகும்போது வித்தியாசம் தெரியத் தொடங்கும். தண்ணீர் உறையும் பூஜ்ஜியத்தில் நன்றாகவே தெரியும். மைனஸ் 10, மைனஸ் 20 என்று போனால், எடுக்கும் மின்சாரத்தைப் பொறுத்து, முழுச் சார்ஜில் பாதிகூடக் கைக்கு வராமல் போகலாம். சியோலில் ஜனவரி இரவு மைனஸ் 10 என்பது அங்கே யாரும் பேசக்கூட மாட்டாத சாதாரணச் சங்கதி. ஆகவே இந்தக் கேள்வி கொரியாவுக்குப் போனவருக்குத்தான் பொருந்தும், கேமரன் மலையில் ரிங்லெட்டுக்குப் போனவருக்கு இல்லை.

உள்ளே என்னதான் நடக்கிறது?

லித்தியம் பேட்டரிக்குள் இரண்டு பக்கமும் இரண்டு தகடுகள், நடுவில் ஒரு திரவம். மின்சாரம் எடுக்கும்போது லித்தியம் அயனிகள் அந்தத் திரவத்தின் வழியாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நீந்திப் போகின்றன. குளிரில் திரவம் கெட்டிப்படும், வேதிவினையும் மந்தமாகும். சாலை அதேதான், வண்டிகளும் அதேதான், ஆனால் எல்லாம் ஊர்ந்து போகின்றன. இந்த நெரிசலைத்தான் உள்மின்தடை என்பார்கள். குளிரக் குளிர அது கூடும்.

இதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போகும் எங்கள் பாட்டி, டார்ச்லைட் மங்கிவிட்டால் பேட்டரிகளைக் கழற்றி லயத்து வாசலில் வெயிலில் காய வைப்பார். மறுநாள் இன்னும் ஒரு பொழுதுக்கு வெளிச்சம் வரும். சூடு ஏறினால் உள்ளே மிச்சமிருந்த வினை கொஞ்சம் வேகம் பிடிக்கும், அதுதான் பாட்டியின் வித்தை. அன்றைய துத்தநாக–கரிப் பேட்டரிக்கு அது சரி. லித்தியம் பேட்டரியை வெயிலில் காய வைக்காதீர்கள்! ஏன் என்று கீழே சொல்கிறேன்.

திரையில் பாதி சார்ஜ் காட்டுகிறது, ஆனால் இழுத்தவுடன் ‘பேட்டரி குறைவு’ என்று அணைந்துவிடுகிறது. செத்துவிட்டதா?

சாகவில்லை. அதற்குள் பாதி சார்ஜ் அப்படியே இருக்கிறது, வெளியே வர முடியவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் உள்மின்தடை நம் ஊர்ச் சூட்டில் 0.03 ஓம் என்று வையுங்கள். பெரிய புகை விடும் வேப் 20 ஆம்பியர் இழுக்கிறது. 20-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 0.6 வோல்ட் உள்ளேயே தொலைகிறது. 3.9 வோல்ட் இருந்த பேட்டரி இழுக்கும் அந்த நொடியில் 3.3 வோல்ட் காட்டும். வண்டி ஓடும். இப்போது கடுங்குளிரில் மின்தடை 0.07 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொலைவது 1.4 வோல்ட். மிஞ்சுவது 2.5. பெரும்பாலான வேப்கள் 3.2 வோல்ட் பக்கத்தில் கீழே இறங்கினாலே பாதுகாப்புக்காகத் தாங்களாக நின்றுவிடும். அதுதான் நீங்கள் பார்க்கும் எச்சரிக்கை.

அதே குளிரில் 3 ஆம்பியர் மட்டும் எடுக்கும் சின்ன பாட் வேப்புக்குத் தொலைவது 0.21 வோல்ட்தான், அது பாட்டுக்கு வேலை செய்யும். கிளாஸ்கோவில் படிக்கும் என் அக்கா மகனிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது, ‘அப்போ வாட்டைக் குறைச்சா போதுமா மாமா?’ என்று கேட்டான். ஆமாம், போதும். குளிரில் வாட்டைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொண்டால் அதே பேட்டரி அதே இடத்தில் நிற்காமல் ஓடும். உள்ளே வந்து சூடு ஏறிய பிறகு காணாமல் போன சார்ஜும் திரும்பித் தெரியும்.

குளிர்ந்து போன பேட்டரியை உடனே சார்ஜ் செய்யலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பூஜ்ஜியத்துக்குக் கீழே லித்தியம்-அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. பயன்படுத்துவது வேறு, சார்ஜ் ஏற்றுவது வேறு. சாதாரணமாக இந்தப் பேட்டரிகளுக்கு மைனஸ் 20 வரை பயன்படுத்த அனுமதி உண்டு, சார்ஜ் ஏற்ற மட்டும் 0 முதல் 45 டிகிரி வரைதான். ஏன் இந்த ஓரவஞ்சனை? சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கரித்தகட்டின் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார வேண்டும். குளிரில் நுழைவது மெதுவாகும். சார்ஜரோ பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளே போக வழியில்லாத அயனிகள் தகட்டின் மேலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அப்படிப் படிந்ததில் பெரும் பகுதி திரும்பி வராது, பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். அதைவிட மோசம், அந்தப் படிவு ஊசி ஊசியாக வளர்ந்து நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் ஆகும். அது நடப்பது குளிர்காலத்தில்தான் என்று இல்லை, இரண்டு மாதம் கழித்து உங்கள் தலையணைக்குப் பக்கத்திலும் நடக்கலாம்.

விலையுயர்ந்த கைத்தொலைபேசியும் மின்சாரக் காரும் குளிரை உணர்ந்து சார்ஜைத் தாங்களாக நிறுத்தும். 30 வெள்ளி (ரிங்கிட்) வேப்புக்குள் அந்த அறிவை எதிர்பார்க்காதீர்கள்.

வெளியிலிருந்து வந்தால் சாமானை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் மறந்துவிடுங்கள். கையில் எடுத்தால் சில்லென்று இருக்கக் கூடாது. அதன் பிறகு சார்ஜரில் போடுங்கள். கைத்தொலைபேசியின் வேகச் சார்ஜர் வேண்டாம், 5 வோல்ட் 1 ஆம்பியர் பழைய சார்ஜர் போதும்.

சீக்கிரம் சூடாக்க வழி உண்டா?

சட்டையின் உள்பாக்கெட். உடம்புச் சூடு 37 டிகிரி, பேட்டரிக்கு அதைவிடப் பத்திரமான அடுப்பு கிடையாது. வெளியே நடக்கும்போது வேப்பைக் கோட்டின் வெளிப்பாக்கெட்டில் வைக்காமல் உள்ளே வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முடி உலர்த்தும் கருவி, அறை ஹீட்டர், வெந்நீர் மக், மோட்டார் சைக்கிள் இன்ஜின்... இவை எல்லாவற்றையும் யாராவது ஒருவர் முயன்றுவிட்டு என்னிடம் வந்திருக்கிறார். 80, 90 டிகிரியைத் தாண்டினால் பேட்டரிக்குள் சிதைவு தொடங்கிவிடும். அந்தச் சிதைவே மேலும் சூட்டைக் கிளப்பும், அந்தச் சூடு மேலும் சிதைக்கும். தொடங்கிவிட்டால் நாம் நிறுத்த முடியாது. பாட்டியின் வெயில் வைத்தியம் இங்கே ஏன் கூடாது என்பதற்கும் இதுதான் பதில்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் பேட்டரி நீண்ட நாள் உழைக்குமாமே?

டார்ச் பேட்டரி காலத்துப் பழக்கம். குளிர்ச்சியில் பேட்டரி மெதுவாக வயதாகும் என்பது வரை உண்மை. ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜில் ஈரம் இருக்கிறது, வெளியே எடுத்தவுடன் முத்து முத்தாக வியர்க்கும், துருப்பிடிக்கும். கறிவேப்பிலைக்கும் பேட்டரிக்கும் ஒரே இடம் வேண்டாம். நிழலான அலமாரியில் பாதி சார்ஜோடு வையுங்கள்.

குளிரில் கருகிய வாடை வருகிறது. பேட்டரி எரிகிறதா?

இல்லை, வேப்புக்குள் திரவத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பஞ்சு எரிகிறது. வேப் திரவத்தில் பிஜி, விஜி என்று இரண்டு பொருள்கள் உண்டு: புரொப்பிலீன் கிளைக்கால், வெஜிடபிள் கிளிசரின். இரண்டாவதுதான் கெட்டி. 30 டிகிரியில் இருக்கும் சுத்தமான கிளிசரினை 15 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய நான்கு மடங்கு கெட்டியாகும். பூஜ்ஜியத்தில் சுமார் இருபது மடங்கு. தேன் மாதிரி ஆகிவிடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது பஞ்சில் ஊறி வருவதற்குள் நீங்கள் அடுத்த இழுப்பு இழுக்கிறீர்கள், காய்ந்த பஞ்சு கருகுகிறது.

‘அண்ணே, காயில் எரிஞ்சிருச்சு’ என்று வருவார்கள். (காயில் என்பது சூடாகும் கம்பிச் சுருள். கோயில் என்று படித்துக் கலவரப்பட வேண்டாம்.) பிஜி அதிகமுள்ள திரவம், குறைந்த வாட், இரண்டு இழுப்புக்கு நடுவில் இடைவெளி. இந்த மூன்றும் இருந்தால் கம்பி பிழைக்கும்.

மலை ஏறும்போது திரவம் ஒழுகிப் பாக்கெட் நாறிவிடுகிறது. இதுவும் குளிரா?

இது குளிர் இல்லை, உயரம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய 85 விழுக்காடுதான். தொட்டிக்குள் அடைபட்ட காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் விரிந்து திரவத்தை வெளியே தள்ளும். மலைப்பாதையில் காது அடைப்பதும், கடையில் வாங்கிய கெரோப்போக் (மீன், இறால் அப்பளம்) பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதும் இதே காரணத்தால்தான். தொட்டியை முழுக்க நிரப்பினால் விரியக் காற்று குறைவு, ஒழுகல் குறையும். இல்லை காலியாகவே கொண்டு போங்கள். பாதி நிரம்பிய தொட்டிதான் சனியன். விமானத்திலும் இதே கதை.

ஒழுகிய திரவம் கீழே பேட்டரி முனையில் இறங்கியிருக்கும். துடைக்காமல் சார்ஜில் போடாதீர்கள்.

குளிரில் புகை நிறைய வருகிறதே, பேட்டரி வலுவாகிவிட்டதா?

உங்கள் மூச்சில் இருக்கும் நீராவி அது. வேப் இல்லாமல் ஊதிப் பாருங்கள், அப்போதும் வரும்.

வெளியிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் வேப் தானாக எரிகிறது (இழுக்காமலே காயில் சூடாகிறது), அல்லது எரியவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஐஸ் போட்ட மைலோ கிளாஸ் வெளியே வியர்க்கிறதல்லவா, அதுபோலச் சில்லென்ற உலோகமும் வியர்க்கும். பட்டன் இல்லாமல் இழுத்தாலே எரியும் வகை வேப்புக்குள் காற்றின் இழுப்பை உணரும் ஒரு சின்னச் சென்சார் இருக்கிறது. அதன்மேல் ஈரம் பட்டால் நீங்கள் இழுப்பதாக நினைத்துத் தானாக எரியும். சில சமயம் எதையுமே உணராமல் உட்கார்ந்திருக்கும். பேட்டரி கழற்றக்கூடிய வகை என்றால் கழற்றிவிட்டு உலர விடுங்கள். கழற்ற முடியாத வகை தானாக எரிகிறது என்றால் பாக்கெட்டில் வைக்காதீர்கள், தரையில் சிமெண்டு மேல் வைத்துவிட்டு எட்ட நில்லுங்கள். உலர்ந்த பிறகும் அதே குணம் என்றால் அதோடு உறவை முடித்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் பேட்டரி கொண்டு போவது நல்லதா?

நல்லதுதான், ஒழுங்காகக் கொண்டு போனால். 18650 என்று எழுதியிருக்கும் பேட்டரி 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ளது. அந்த எண்ணே அளவுதான். அதன் உலோக உடம்பு முழுவதும் எதிர்முனை (மைனஸ்). மேலே சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒரு இடத்தில் கிழிந்திருந்து, பாக்கெட்டில் வீட்டுச் சாவியோ இருபது காசோ உரசினால் ஷார்ட் ஆகி நொடியில் சூடேறும். தொடையில் தீக்காயம் படுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் படுகிறார்கள். வேப் வெடிப்பதைவிடப் பாக்கெட்டில் கிடக்கும் தனிப் பேட்டரிதான் எனக்குப் பயம். இரண்டு வெள்ளிக்குப் பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேட்டரி போடும் வேப் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஒன்றாகவே பயன்படுத்துங்கள். கிழவனையும் இளைஞனையும் ஒரே ஏரில் பூட்டினால் குளிரில் கிழவன் முதலில் விழுவான்.

விமானத்தில்?

கைப்பையில் மட்டும். பெட்டியில் போட்டுச் சரக்கறைக்கு அனுப்பக் கூடாது. அங்கே தீப்பிடித்தால் பார்க்க ஆள் இல்லை. கூடுதல் பேட்டரிகளின் முனைகள் மூடியிருக்க வேண்டும். விமானத்துக்குள் பிடிக்கவும் கூடாது, சார்ஜ் செய்யவும் கூடாது.

அதைவிட முக்கியம், இறங்கும் நாட்டின் சட்டம். சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஜொகூர் பாலத்தைத் தாண்டும் முன் காடியில் (காரில்) மறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் 2019-இல் இறக்குமதியும் விற்பனையும் தடை செய்யப்பட்டன. சென்னைக்குக் கல்யாணத்துக்குப் போகும் சொந்தங்களே, வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தாய்லாந்திலும் இறக்குமதிக்குத் தடை. இங்கிலாந்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் விற்பனை 2025 ஜூன் 1 முதல் கிடையாது.

நம் நாட்டில்?

2024 அக்டோபர் 1 முதல் புகைபிடிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் 852-ஆவது சட்டம் நடப்பில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு விற்கக் கூடாது, சிகரெட்டுக்குத் தடையுள்ள இடத்தில் வேப்புக்கும் தடை. சாப்பாட்டுக் கடைகள் அதில் அடக்கம். ஜொகூர் மாநிலத்தில் 2016 முதலே விற்பனை கூடாது. பள்ளிச் சீருடையோடு என் கடைக்கு வேப்பைக் கொண்டுவரும் தம்பிகளுக்கு ஒரே பதில்தான்: நான் தொடமாட்டேன், உன் அப்பாவை எனக்குத் தெரியும்.

குளிரைப் பற்றி இவ்வளவு சொல்கிறீர்களே, நம் ஊர் வெயில்?

அதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் காத்திருந்தேன். குளிர் பேட்டரியைத் தூங்க வைக்கும், எழுப்பினால் எழுந்துவிடும். சூடு அதன் ஆயுளையே தின்னும், தின்றது திரும்பாது. பசார் பக்கம் வெயிலில் நிறுத்திய காடியின் டேஷ்போர்டு மதியத்தில் 60 டிகிரியைத் தாண்டும். முழுச் சார்ஜோடு அங்கே கிடக்கும் பேட்டரிதான் மிக வேகமாகக் கிழடாகும். கொரியாவில் ஒரு குளிர்காலத்தைக் கடந்து வந்த பேட்டரி என் கைக்கு வந்திருக்கிறது, நன்றாகவே இருந்தது. லோரி டேஷ்போர்டில் ஒரு மாதம் கிடந்த பேட்டரிகள் எத்தனையோ வந்திருக்கின்றன. அவற்றில் எதையும் காப்பாற்ற முடியவில்லை.

உப்பிப் போன பழைய பேட்டரியை என்ன செய்வது?

சார்ஜில் போடாதீர்கள், குத்தாதீர்கள், குளிர வைத்தால் வற்றும் என்று ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். குப்பையோடு எரிக்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தோட்ட வீடுகளில் பின்கட்டில் சருகோடு சேர்த்துக் கொளுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. எறிந்துவிடும் வேப்புக்குள்ளும் லித்தியம் பேட்டரி இருக்கிறது, வெளியே பார்த்தால் பிளாஸ்டிக் குழாய்தான் என்று தோன்றும். முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட பழைய மைலோ டின்னில் வைத்து என்னிடம் கொண்டு வாருங்கள். மின்னணுக் கழிவு எடுக்க வருபவரிடம் நான் கொடுத்துக்கொள்கிறேன். காசு வேண்டாம். டின்னை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள், அடுத்தவருக்குத் தேவைப்படும்.